ஸ்பிரிங் கலப்பையில் இரண்டு கொத்து மட்டும் பின்வாங்குகிறது, நட்டை இறுக்கியும் அடங்கவில்லை

ஒன்பதுகொத்து:

வணக்கம். என்னிடம் இருப்பது ஒன்பது கொத்து (மண்ணைக் கிழிக்கும் கால்) ஸ்பிரிங் கலப்பை. முன்வரிசையில் நாலு, பின்வரிசையில் ஐந்து, ஒவ்வொரு கொத்துக்கும் இரண்டு இழுப்பு ஸ்பிரிங். ஐந்தாறு வருடமாக ஓட்டுகிறேன், பெரிய தொல்லை எதுவும் தந்ததில்லை. போன உழவில்தான் ஆரம்பித்தது. இரண்டாவது கொத்தும் எட்டாவது கொத்தும் மட்டும் சும்மா சும்மா பின்னால் போய்விட்டு வருகின்றன. கல்லில் பட்டுப் போனால் சரி, அதற்குத்தான் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். கல்லே இல்லாத இடத்தில், மற்ற ஏழும் ஒழுங்காக மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும்போது, இந்த இரண்டு மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு வருகின்றன. அந்த இரண்டு சாலிலும் உழவே விழவில்லை, மேலே கீறல் போட்ட மாதிரி இருக்கிறது.

ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அந்த இரண்டு கொத்துக்கும் நட்டை மரை முடியும் வரை இறுக்கினேன். அன்றைக்கு அரை நாள் நன்றாக ஓடியது. அப்புறம் புதைந்து கிடந்த ஒரு கல்லில் இரண்டாவது கொத்து மாட்டியது. கால் கொஞ்சம் வளைந்துவிட்டது, பிரேமில் அதைப் பிடித்திருக்கும் தகட்டின் வெல்டிங்கில் முடி மாதிரி ஒரு விரிசல். வேடிக்கை என்னவென்றால் மறுநாளிலிருந்து துள்ளல் முன்னைவிட அதிகம். இறுக்கினால் குறைய வேண்டாமா? எட்டாவதும் அப்படியே.

இன்னும் கனமான ஸ்பிரிங் வாங்கிப் போடலாமா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? இதற்கு அளவு என்று ஒன்று உண்டா, அல்லது எல்லாம் கைப்பழக்கம்தானா?


இரும்புக்கால்:

ஸ்பிரிங்கே தலைவலி நண்பரே. நான் என் கலப்பையில் நாலு வருடம் முன்பே ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கால் அசையாதபடி பட்டை வைத்து போல்ட் போட்டுப் பூட்டிவிட்டேன். ஆழம் ஒரே சீராக விழுகிறது. துள்ளல் என்ற பேச்சே இல்லை.


மேழிக்காரன்:

கனமான ஸ்பிரிங் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன கொத்து எண்ணைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒன்பது கொத்தில் இரண்டும் எட்டும் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கொத்துக்குக் கொத்து இடைவெளி 22 அல்லது 23 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பது ஐந்தாவது. அதிலிருந்து மூன்று தள்ளினால் இரண்டும் எட்டும், அதாவது நடுவிலிருந்து ஏறக்குறைய 68 செ.மீ. உங்கள் டிராக்டரின் பின் டயர் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது? டேப் வைத்து அளந்து பாருங்கள். டயருக்கு டயர் 1.35 மீட்டர் என்று வந்தால் இந்த இரண்டு கொத்தும் டயர் மிதித்த தடத்தின் மேலேயே நேராகப் போகின்றன. டயர் அமுக்கிய மண்ணைக் கிழிக்க மற்றக் கொத்துகளைவிட அதிக விசை வேண்டும். எல்லா ஸ்பிரிங்கும் ஒரே இழுப்பில் இருந்தால் முதலில் தோற்கப்போவது இவைதான்.

அது மட்டும் இல்லை. முன்வரிசையில் நாலு என்று சொன்னீர்கள், அப்படியென்றால் 2, 4, 6, 8 நாலும் முன்வரிசை. முன்வரிசைக் கொத்து தொடாத மண்ணில் போகிறது, பின்னால் வருவதற்குப் பக்கத்து மண் ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது, அதற்கு வேலை சுலபம். ஆக உங்கள் இரண்டுக்கும் எட்டுக்கும் டயர் தடம் ஒரு சுமை, முன்வரிசை இன்னொரு சுமை.

மூன்றாவது சுமையும் இருக்கலாம், அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். டாப் லிங்க் (டிராக்டரையும் கலப்பையையும் மேலே இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய தண்டு) குறுகலாக இருக்கிறதா? டாப் லிங்க்கைக் குறுக்கினால் கலப்பை முன்பக்கம் குனியும். முன்வரிசை ஆழமாகத் தோண்டும், பின்வரிசை தூக்கிக்கொள்ளும். டிராக்டரில் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஒரு மெல்லிய இரும்புக் கம்பி எடுத்துக்கொள்ளுங்கள், சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உழுது முடித்த இடத்தில் டிராக்டரை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கொத்தின் சாலிலும் கம்பியைக் கெட்டி மண்ணில் முட்டும் வரை இறக்கிப் படியுங்கள். துள்ளாமல் ஓடுகிற 4, 6 இரண்டையும் பின்வரிசையோடு ஒப்பிட்டால் கதை வெளியே வந்துவிடும்.

கொழுவையும், அதாவது கொத்தின் நுனியில் மாட்டும் இரும்பு முனையையும் பாருங்கள். முன்வரிசை, டயர் தடம் என்றால் அந்தக் கொழு மற்றதைவிட முன்னாலேயே மழுங்கியிருக்கும். மழுங்கின கொழு மண்ணுக்குள் நுழையாது, மண்ணைத் தள்ளும். தள்ளுகிற விசை முழுவதும் ஸ்பிரிங்கின் தலையில் வந்து விழும். இரண்டு பக்கமும் முனை உள்ள கொழு என்றால் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை போய்விடும்.

ஸ்பிரிங்கைத் தொடுவது இதெல்லாம் முடிந்த பிறகுதான்.


பட்டறை:

மேழிக்காரன் சொன்னது சரி. நான் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் "இறுக்கின மறுநாள் இன்னும் மோசம்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது.

உங்களுடையது இழுப்பு ஸ்பிரிங். கொத்து பின்னால் போகும்போது ஸ்பிரிங் இன்னும் நீள வேண்டும். நட்டை மரை முடியும் வரை இறுக்கி முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டால், கல் மோதும்போது நீளுவதற்கு மிச்சம் எங்கே இருக்கிறது? இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஸ்பிரிங் தன் எல்லையைத் தாண்டி இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிடும், அல்லது கால் போதுமான அளவு எழும்பாமல் கல்லின் அடி முழுவதும் காலுக்கும் பிரேமுக்கும் போகும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. கால் வளைந்தது, வெல்டிங் விட்டது, ஸ்பிரிங்கும் செத்தது. செத்த ஸ்பிரிங் முன்பு போல இழுக்காது, அதனால்தான் மறுநாள் துள்ளல் கூடியது.

சோதிப்பது எளிது. ஸ்பிரிங்கைக் கழற்றித் தரையில் வையுங்கள். எந்தச் சுமையும் இல்லாதபோது இந்த வகை ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். வளையத்துக்கு இடையில் காகிதம் நுழைகிறது என்றால் அது இழுபட்டுப் போன ஸ்பிரிங். மறுபடி இறுக்கிப் பயன் இல்லை, ஜோடியாக மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதே பெரும்பகுதி சுமையைத் தூக்கும், கால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு பின்னால் போகும், அப்புறம் பிவட் புஷ், அதாவது கால் ஆடுகிற அச்சைச் சுற்றியிருக்கும் உருளை, ஓவலாகத் தேயும்.

கனமான ஸ்பிரிங் பற்றிக் கேட்டீர்கள். கம்பியின் பருமன் கொஞ்சம்தானே கூடுகிறது என்று நினைப்போம், ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறும். 10 மி.மீ. கம்பிக்குப் பதில் 11 மி.மீ. போட்டால், மற்ற அளவெல்லாம் அப்படியே இருந்தால், விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், வெர்னியர் (நுண்ணளவுக் கருவி) வைத்தால்தான் பிடிபடும். வளையத்தின் எண்ணிக்கை குறைந்தாலும் விறைப்பு கூடும். ஆகவே பழையதைக் கையில் கொண்டுபோய்க் கம்பி விட்டம், வளையத்தின் வெளிவிட்டம், வளைய எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா பார்த்து வாங்குங்கள். நீளம் மட்டும் பார்த்து வாங்குவது சட்டை நிறம் பார்த்து ஆள் அடையாளம் சொல்கிற மாதிரி.

கொக்கி உடைந்த ஸ்பிரிங்கை வெல்டு வைத்து ஓட்டுகிறவர்களும் உண்டு. இழுப்பு ஸ்பிரிங் பெரும்பாலும் கொக்கி வளைகிற இடத்தில்தான் உடையும், அங்கேயே வெல்டிங் சூடு பட்டால் பதம் போய்விடும். இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் யார் முகத்திலாவது பறக்கும். செய்யாதீர்கள்.


ஒன்பதுகொத்து:

மேழிக்காரன் அண்ணா, அளந்துவிட்டேன். டயருக்கு டயர் நடுவிலிருந்து நடு 1.36 மீட்டர். அச்சு அசலாக 2, 8 மேலேதான். இத்தனை வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை.

பட்டறை அண்ணா, ஸ்பிரிங்கைக் கழற்றலாம் என்று பார்த்தால் நட்டு மரையின் கடைசிக்கு வந்த பிறகும் இழுப்பு தீரவில்லை போலத் தெரிகிறது. பயமாக இருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். எப்படிக் கழற்றுவது? அப்புறம் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கையேடு எப்போதோ தொலைந்துபோனது.


பட்டறை:

பயந்தது நல்லது, விட்டது அதைவிட நல்லது. முதலில் கலப்பையை இறக்கி பிரேமின் அடியில் கட்டை கொடுங்கள், கொத்து மண்ணைத் தொடாமல் தொங்க வேண்டும். எஞ்சின் நிறுத்தி, சாவி எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். லிப்ட் தாங்கும் என்று நம்பி அடியில் கை விட வேண்டாம்.

மரை முடிந்த பிறகும் இழுப்பு மிச்சம் இருக்கிறது என்றால் அந்த போல்ட்டை வைத்தே கழற்றப் பார்க்காதீர்கள். ஸ்பிரிங்குகளின் பக்கத்தில், பிரேமுக்கும் காலின் மேல்முனைக்கும் நடுவில் நீளமான மரைக் கம்பி ஒன்றைத் துணைக்குக் கொடுத்து, சுமையை அதற்கு மாற்றிவிட்டுப் பழைய நட்டைக் கழற்றுங்கள், பிறகு நீளக் கம்பியின் நட்டை மெதுவாக விட்டுக்கொண்டே வரலாம். ஸ்பிரிங்கின் நேர்கோட்டில் தலை இருக்கக் கூடாது, எப்போதும் பக்கவாட்டில் நில்லுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதற்குத் தோதான கம்பி இல்லை என்றால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இறுக்குவதற்கு நட்டை எத்தனை சுற்று என்று கணக்கு வைக்காதீர்கள். பழைய ஸ்பிரிங்குக்கும் புதியதற்கும் ஒரே சுற்று ஒரே இழுப்பைத் தராது. கையேட்டிலும் பெரும்பாலும் பொருத்தின நிலையில் ஸ்பிரிங்கின் நீளம்தான் கொடுத்திருப்பார்கள். உங்களிடம் கையேடு இல்லை, ஆனால் ஒழுங்காக ஓடுகிற 4, 6 இருக்கின்றனவே, அவைதான் உங்கள் கையேடு. கொக்கியின் உள்விளிம்பிலிருந்து மறு கொக்கியின் உள்விளிம்பு வரை அளந்து, ஒன்பதையும் அதே நீளத்துக்கு வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டுக்கும் எட்டுக்கும் மட்டும் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகக் கொடுக்கலாம், டயர் தடத்துக்காக. அதுவும் கால் முழுதாகப் பின்னால் போன நிலையில் ஸ்பிரிங் நீளுவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.


சால்பிடி:

கொத்து எவ்வளவு விசைக்கு விலகுகிறது என்பதை நேராகவே அளக்கலாம், நான் செய்திருக்கிறேன். தொங்கு தராசு ஒன்று, செயின் பிளாக் (சங்கிலியால் சுமை இழுக்கும் கருவி) ஒன்று, அசையாத ஒரு கம்பம். கலப்பை டிராக்டரோடு மாட்டியபடியே கட்டை மேல் இருக்கட்டும். கொழு முனையில் சங்கிலி கட்டி, நடுவில் தராசை வைத்து, கிடைமட்டமாகப் பின்பக்கம் இழுக்க வேண்டும். எப்போது விலகுகிறது என்று கண்ணால் பிடிப்பது கஷ்டம். கால் வந்து உட்காரும் தடுப்புக்கும் காலுக்கும் நடுவில் ஒரு துண்டு காகிதம் செருகி விடுங்கள். லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், கால் தடுப்பை விட்டு எழும்புகிற அந்த நொடியில் காகிதம் கையோடு வந்துவிடும். அப்போது தராசு காட்டுவதுதான் அந்தக் கொத்தின் விலகல் விசை. காகிதத்தை ஒரு நீள நூலில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்றால் சங்கிலியின் பாதையில் நிற்க வேண்டியதில்லை.

தராசு இல்லை என்றாலும் ஒரு மனக்கணக்கு உண்டு. பிவட்டிலிருந்து ஸ்பிரிங் இழுக்கிற கோட்டுக்கு 12 செ.மீ., பிவட்டிலிருந்து கொழு முனைக்கு 60 செ.மீ. என்று வையுங்கள். ஐந்துக்கு ஒன்று. ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து 400 கிலோ இழுத்தால் முனையில் 80 கிலோவுக்குத்தான் தாங்கும். இது உதாரணம்தான், உங்கள் கலப்பையின் தூரம் வேறாக இருக்கும். சொல்ல வந்தது இதுதான்: முனையில் 10 கிலோ கூட்ட வேண்டும் என்றால் ஸ்பிரிங்கில் 50 கிலோ கூட்ட வேண்டும். டாப் லிங்க்கைச் சரிசெய்து முனையின் சுமையைக் குறைப்பது எவ்வளவோ மலிவு.

அழுத்து ஸ்பிரிங் வைத்த கலப்பை யாரிடமாவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் ஆபத்து வேறு மாதிரி. இறுக்க இறுக்க வளையங்கள் நெருங்கிக்கொண்டே வரும், எல்லாம் ஒட்டிவிட்டால் அது ஸ்பிரிங் இல்லை, ஒரு இரும்புக் குழாய். கொத்து அசையவே அசையாது.

இரும்புக்கால், உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் நிலத்தில் கல்லே இல்லையா?


இரும்புக்கால்:

இல்லை. தலைமுறையாக உழுகிற மண், களிமண். கல் என்று தேடினாலும் கிடைக்காது. கல் இருக்கிறவர் பூட்டக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.


மேழிக்காரன்:

அப்படியென்றால் சரி. கல் இருக்கிற நிலத்தில் பூட்டின கால் பிரேமையே கிழித்துவிடும். ஷியர் போல்ட் (சுமை மிஞ்சினால் அறுந்து கலப்பையைக் காப்பது) வைத்த கலப்பையிலும் இதே கதைதான் நடக்கும். அடிக்கடி அறுகிறதே என்று நான் ஒருமுறை கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டேன். போல்ட் அறவில்லை, அடுத்த கல்லில் பீம் வளைந்தது. அறுவதற்காகச் செய்த பொருளை அறாமல் செய்தால் வேறு எதுவோ அறும்.

வேகத்தையும் சொல்ல மறந்துவிட்டேன். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நாலு மடங்கு. காய்ந்து இறுகின மண்ணில் முதல் உழவை மேலாக, ஒரு கியர் குறைத்து ஓட்டிவிட்டு, அடுத்த ஓட்டத்தில் ஆழம் பிடியுங்கள். இன்னொன்று, தடத்துக் கொத்து இரண்டுக்கும் அகலம் குறைந்த கொழு போட்டுப் பாருங்கள், மண்ணின் எதிர்ப்பு குறையும். ஈரம் சொதசொதவென்று இருக்கும்போது டிராக்டரை இறக்காமல் இருந்தாலே தடம் அவ்வளவு இறுகாது என்பது வேறு விஷயம், அவசரத்தில் யார் கேட்கிறோம்.


ஒன்பதுகொத்து:

நாலு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கம்பி வைத்துப் பார்த்ததில் 4, 6 சால்களில் 15 செ.மீ., பின்வரிசையில் 11 தான் வந்தது. டாப் லிங்க்கை நீட்டி நீட்டிப் பார்த்து மூன்றாவது தடவையில் எல்லாம் 13 பக்கத்தில் வந்துவிட்டது. கொழு இரண்டும் நீங்கள் சொன்ன மாதிரியே மழுங்கிப்போய் இருந்தது, திருப்பிப் போட்டேன். கழற்றிய நாலு ஸ்பிரிங்கில் மூன்றில் காகிதம் தாராளமாக நுழைந்தது, ஒன்றில் தபால் அட்டையே நுழைந்தது! நாலையும் மாற்றிவிட்டேன். கம்பி விட்டம் அளந்து வாங்கப் போனதில் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது பருமன் கூடியதாகத்தான் இருந்தது, வெர்னியரைப் பார்த்ததும் அவரே உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

நீளம் 4, 6 மாதிரியே வைத்து, இரண்டு எட்டுக்கு இரண்டு சுற்று கூடுதல். லாக் நட் போட்டு, நட்டின் மேலும் பிரேமின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டேன், நகர்ந்தால் தெரியும். நேற்று ஓட்டினேன். இரண்டாவது கொத்து அடங்கிவிட்டது. எட்டாவது எப்போதாவது ஒரு தடவை துள்ளுகிறது, கையால் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது, பிவட் புஷ்தான் என்று நினைக்கிறேன்.

வளைந்த காலை நிமிர்த்தி மறுபடி போடலாமா? விரிசல் விட்ட வெல்டிங்குக்கு மேலேயே ஒரு தையல் போட்டால் போதுமா?


பட்டறை:

காலைச் சூடு காட்டி நிமிர்த்தாதீர்கள், பதம் போய் அடுத்த கல்லில் அதே இடத்தில் மடங்கும். கொஞ்சம் வளைவு என்றால் பிரஸ்ஸில் குளிராகவே நிமிர்த்தலாம், ஆனால் வளைந்த இடத்தை நன்றாகத் தேய்த்துப் பார்த்து, விரிசல் எதுவும் இல்லை என்றால் மட்டும். இருந்தால் புதுக் கால்தான்.

வெல்டிங் மேல் வெல்டிங் வேண்டாம். விரிசல் அடியில் அப்படியே இருக்கும், மேலே மூடிவிடுவீர்கள், அவ்வளவுதான். விரிசலின் இரண்டு முனையையும் கண்டுபிடித்து, கிரைண்டரில் அடி வரை பள்ளம் எடுத்து, அப்புறம் நிரப்ப வேண்டும். கிரைண்டிங்குக்கும் வெல்டிங்குக்கும் முன்னால் பக்கத்து ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்துவிடுங்கள், பொறி பட்டாலும் கெடும்.

எட்டாவதின் பிவட்டில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறதா? இருந்தால் கடைசியாக எப்போது கிரீஸ் வைத்தீர்கள்?


ஒன்பதுகொத்து:

நிப்பிள் இருக்கிறது. ஒன்பதிலும் இருக்கிறது. கடைசியாக எப்போது என்று கேட்காதீர்கள் அண்ணா.